கொறற்றி சொல்லிக் கொடுத்த பதில்

மரியா கொறற்றி 1951ஆம் ஆண்டு பாஷையூரில் பிறந்தாள். அதற்கு முந்திய ஆண்டுதான் உரோமையில் அந்தப் பெயருடைய சிறுமிக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருந்தார்கள். அதனால் அந்தக் காலத்தில் கரையோரக் கோயில்களில் ஞானஸ்நானம் பெற்ற பெண்பிள்ளைகள் பலருக்கும் அதே பெயர். தாதியாகப் படித்து, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியின் ஒப்பரேசன் தியேட்டரில் மயக்கமருந்து டொக்டரின் பக்கத்தில் ஏழு வருடம் நின்றாள். 1984 தை மாதம் கிழக்கு பெர்லினில் இறங்கி, மற்றத் தமிழ் அகதிகள் எல்லோரும் வந்த வழியில் ரயிலேறி மேற்கே வந்தாள். தாதிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, துவாயில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

ஜெர்மனியில் அதை ஒருவரும் கேட்கவில்லை. கொலோனுக்கு அண்மையில் ஒரு சிறுநகரத்தில் அகதிகள் விடுதியான ஹைமில் ஓர் அறைக்கு நான்கு பெண்கள். வேலை செய்ய அனுமதி கிடையாது. 1985 கடைசியில் அவளை அகதியாக ஏற்றுக்கொண்ட பிறகு கிடைத்த முதல் வேலை, அந்த ஊர் மருத்துவமனையில் தரை துடைப்பது. தியேட்டரின் வெளி நடை அவள் பங்கு. கதவு திறந்து மூடும்போது உள்ளேயிருந்து வரும் காற்றியந்திரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே மயக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். சொன்னால் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சான்றிதழை அங்கீகரிக்கக் கேட்டு அன்ராக் என்கிற விண்ணப்பம் போட்டாள். ‘சமமானதல்ல’ என்று பதில் வந்தது. மறுபடி போட்டாள். ஆறு மாதம் வார்ட்டில் உதவியாளாய் நின்று பரீட்சை எழுதினால் பார்க்கலாம் என்றார்கள். எழுதினாள். 1987இல் அதே மருத்துவமனை இரண்டு வருட மயக்கமருந்துத் தாதிப் படிப்புக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் தலைமைத் தாதி ஹில்டெகார்ட், ஏன் இந்தப் பிரிவு என்று கேட்டாள்.

“நித்திரையாய்க் கிடக்கிற நோயாளி என்னுடைய ஜெர்மன் மொழியைத் திருத்த மாட்டார்,” என்றாள் கொறற்றி.

அறையில் இருந்த மூவரும் சிரித்தார்கள். இடம் கிடைத்தது.

படிப்பு ஐப்பசியில் தொடங்கியது. அதே மாதம், அவள் நின்று பழகிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்தது என்றும், செத்தவர்களில் அங்கே வேலை செய்தவர்களும் உண்டு என்றும் செய்தி வந்தது. அன்றைக்கும் அவள் வகுப்புக்குப் போனாள். திரும்பிப் போய் நிற்பதற்கு இனி ஓரிடம் இல்லை என்பது அன்று அவளுக்குத் தெளிவானது. இந்தப் படிப்பில் தேறினால் இங்கே நிரந்தர வேலை. தவறினால் அந்த இடத்துக்கு ஒரு ஜெர்மன்காரி காத்திருந்தாள். கொறற்றியின் தற்காலிக ஒப்பந்தம் படிப்பு முடிகிற மாதத்தோடு முடியும். அதற்குப் பிறகு துடைப்பந்தான்.

ஜெர்மன் தெரிந்தவள் என்பதால் ஹைமில் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். டொக்டரிடம் நேரம் குறிக்கிற ரேர்மின், கடிதம், பல்லுக்குத்து எதுவானாலும் “கொறற்றி அக்கா.” அதிகம் கூப்பிட்டது நித்தியானந்தனும் அவன் மனைவி கலாதேவியும். நித்தியானந்தன் ஊரில் பஸ் நடத்துநராக இருந்தவன். அகதி விசாரணையில் ஆமி வீட்டுக்கு வந்தது நாலு மணிக்கு என்று ஒரு தரமும், இருட்டுப்படுகிற நேரம் என்று இன்னொரு தரமும் சொல்லியிருந்தான். முன்னுக்குப்பின் முரண் என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு நீதிமன்றத்துக்கு வந்தபோது, கொறற்றி அவர்களுடைய அறைக் கட்டிலில் இருந்து அவனுக்குப் பாடம் சொன்னாள்.

“அக்கா, மார்கழியிலை நாலு மணியெண்டால் என்ன, இருட்டெண்டால் என்ன? மழைக்கோலம். நான் என்ன கண்டன்?”

“நித்தி, எங்களுக்கு அது ஒண்டு. அவைக்கு ரெண்டு. ஒருக்காச் சொன்ன பதிலை மாத்தாதையுங்கோ. ஆர் கேட்டாலும், எத்தினை தரம் கேட்டாலும் அதையே சொல்லுங்கோ. முதல் சொன்னது பிழையெண்டு பிறகு தெரிஞ்சாலும் மாத்தாதையுங்கோ.”

“நீங்கள் கேட்டாலுமோ?”

“நான் கேட்டாலுந்தான். உங்களைச் சோதிக்கத்தான் கேக்கினமெண்டு நினையுங்கோ.”

“அப்ப மனிசிக்குச் சொல்லுற பொய்க்கும் இதே சட்டந்தானோ?”

கலாதேவி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். “உங்கடை பொய்க்கு விசாரணை தேவையில்லை. முகத்திலை பஸ் போர்ட் மாதிரித் தொங்கும்.”

அவன் மாற்றாமல் சொன்னான். 1988 ஆவணியில் வழக்கு வென்றது. அன்றிலிருந்து ஹைமுக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கெல்லாம் அவனே அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தான். “கொறற்றி அக்கான்ரை சட்டம்,” என்பான்.

செய்முறைப் பரீட்சை 1989 செப்டெம்பர் 12, செவ்வாய்க்கிழமை. பரீட்சை என்பது இதுதான்: ஒரு நோயாளியைப் பொறுப்பேற்று, மயக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து, மூத்த மயக்க மருத்துவர் வைலாண்டுக்குப் பக்கத்தில் நின்று அவரைத் தூங்கவைத்து எழுப்ப வேண்டும். ஹில்டெகார்ட் மூலையில் நின்று புள்ளியிடுவாள். கடினமில்லாத நோயாளியாகப் பார்த்து ஒருவரைத் தெரிவுசெய்திருந்தார்கள்: முப்பத்தாறு வயது, வேறு வருத்தமில்லை, குடலிறக்கச் சத்திரசிகிச்சை. பெயர் நித்தியானந்தன். முதல்நாள் கேட்டபோது கொறற்றி, அவரைத் தனக்குத் தெரியும் என்றாள். நல்லதுதானே, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றார் வைலாண்ட்.

காலை எட்டு மணிக்கு அவன்தான் முதல் ஆள். ஏழு மணிக்கு வார்ட் தாதி ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்று கேட்டாள். அவன் “நைன்”, இல்லை என்றான். அது உண்மை. ஆனால் விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்ததால் அவனுடைய முறை பிற்பகலுக்குப் போனது. பதினொரு மணிக்குக் கலாதேவி வந்தாள். இரவு தொட்டு வெறும் வயிறோடு கிடக்கிற புருசனைப் பார்த்தாள். கத்தி வைக்கப்போகிற உடம்பு. அதில் தெம்பு வேண்டாமா? விடிய அவித்து மத்தியானத்துக்கென்று தனக்குக் கொண்டுவந்த இடியப்பத்தையும் தேங்காய்ப்பால் சொதியையும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவனுக்குக் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். அவள் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மணிக்கு அவனைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் தொப்பிக்குக் கீழே கொறற்றியின் கண்களை அடையாளம் கண்டு அவன் சிரித்தான். அவள் விதிப்படி, சாப்பிட்டீர்களா என்று முதலில் ஜெர்மனில் கேட்டாள். “நைன்,” என்றான். நாடிக் கருவியை விரலில் மாட்டக் கையைத் தூக்கினாள். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது.

சொதி மஞ்சள். கையால் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒன்றிரண்டு நாள் நிற்கும். நேற்றையதாகவும் இருக்கலாம்.

“நித்தி, தமிழிலை கேக்கிறன். வாயிலை ஏதும் வைச்சனீங்களோ? தண்ணி, தேத்தண்ணி?”

அவன் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தான். பாடம் கேட்ட மாணவன் ஆசிரியர் முன்னால் நிற்கிற பெருமை அவன் முகத்தில் இருந்தது.

“இல்லை அக்கா. விடியவும் அதைத்தானே சொன்னனான்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் வைலாண்ட்.

மூலையில் ஹில்டெகார்ட்டின் பேனை நின்றது. சந்தேகம் என்று சொன்னால் சத்திரசிகிச்சையை நாளைக்குத் தள்ளுவார்கள். பரீட்சையும் தள்ளிப்போகும். அடுத்த முறை குளிர்காலத்தில். அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஒரு நகத்தின் ஓரத்து மஞ்சளுக்காக.

“வெறும் வயிறுதான்,” என்றாள் கொறற்றி.

வைலாண்ட் ஊசியைப் போட்டார். நித்தியானந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாதியில் தூங்கிப்போனான். அவள் முகமூடியை அமர்த்திக் காற்றுப்பையைப் பிழிந்தாள். நான்காவது பிழியலில் முகமூடிக்குள் வெள்ளையாய்ப் பொங்கியது.

அதற்குப் பிறகு அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. மேசையைத் தலைப்பக்கம் சரித்தாள், முகத்தைத் திருப்பினாள், வைலாண்ட் கேட்பதற்கு முன்பே உறிஞ்சுகுழாய் அவர் கையில் இருந்தது, சுவாசக் குழாயை நீட்டினாள். குழாய் உள்ளே போனது. ஆனால் தேங்காய்ப்பால் அதற்கு முன்பே நுரையீரலுக்குள் போய்விட்டது. உறிஞ்சிய போத்தலுக்குள் இடியப்ப நூல்கள் மிதந்தன. வைலாண்ட் அது என்ன என்று கேட்டார். அரிசிமா என்றாள்.

அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தோடு போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை வாய்மொழிப் பரீட்சை. மூவர் இருந்தார்கள். அவசரத்தில் நீங்கள் நடந்துகொண்டது மிகச் சிறப்பு என்று வைலாண்ட் தொடங்கினார். பிறகு ஹில்டெகார்ட் கேட்டாள்: “நோயாளி சாப்பிட்டிருக்கலாம் என்பதற்கு முன்கூட்டியே ஏதாவது அறிகுறி கண்டீர்களா?”

“இல்லை,” என்றாள்.

அன்று பின்னேரம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கலாதேவி அவள் கையைப் பிடித்தாள். டொக்டர் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். பாவம், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“அக்கா, என்னவாம்?”

“நுரையீரல் காய்ச்சல்.”

“ஒப்பரேசனுக்கு வந்த மனிசனுக்கு எங்காலை காய்ச்சல்?” குரலைத் தாழ்த்தினாள். “நான் கொஞ்சம் இடியப்பம் குடுத்தனான். அதாலையோ?”

“இல்லை, கலா. அதாலை இல்லை.”

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை நித்தியானந்தன் இறந்தான். அதற்கு அடுத்த வெள்ளி கொறற்றிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘மிக நன்று’ என்று போட்டிருந்தது. மருத்துவமனை நிரந்தர ஒப்பந்தமும் தந்தது. வகுப்பில் இருந்தவர்கள் மேசையில் கேக் வைத்தார்கள். அவள் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தபடி நின்றாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐயர் இல்லாததால் கொலோனிலிருந்து தேவாரம் தெரிந்த ஒருவர் வந்து ஹைமின் பொதுச் சமையலறையில் கிரியையைச் செய்வித்தார். செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். கலாதேவி இடியப்பமும் சொதியும் படைத்தாள். படத்துக்கு முன்னால் இருந்து எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்தாள். கொறற்றியின் தட்டிலும் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

“அக்கா, பெடியள் சொல்லுறாங்கள், ஒப்பரேசனுக்கு முதல் சாப்பிட்டால் அது நெஞ்சுக்குள்ளை போகுமாம். ஹம்பேர்க்கிலையும் ஒராளுக்கு நடந்ததாம்.” அவள் கண்கள் காய்ந்திருந்தன. “நீங்கள் அதைப் படிச்ச ஆள். உள்ளதைச் சொல்லுங்கோ. நானோ அவரைச் சாகடிச்சனான்?”

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. நகத்தைச் சொல்ல வேண்டும். கட்டிலில் இருந்து சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் பழி கலாதேவியை விட்டு முழுக்க இறங்கிவிடுமா? கொஞ்சமாவது அவளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மிச்சம் தன்மேல் விழும், வைலாண்டும் ஹில்டெகார்ட்டும் சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எது கலாதேவிக்காக, எது தனக்காக என்று பிரித்துப் பார்க்க கொறற்றியால் முடியவில்லை.

“அண்டைக்கும் அதைத்தானே சொன்னனான், கலா,” என்றாள். “இல்லை.”

கலாதேவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சொதிச் சட்டியை எடுத்துவந்து, கொறற்றியின் தட்டில் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.

“சாப்பிடுங்கோ, அக்கா,” என்றாள்.

கொறற்றி வலது கையால் இடியப்பத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுக்கு முதல் நோயாளி இருந்தார். தியேட்டர் வாசல் தொட்டியில் முழங்கை வரை நுரை போட்டுத் தேய்த்தாள். நகத்தின் ஓரம் மட்டும் போகவில்லை. கையுறையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய், அந்த மனிதரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டபோது வைலாண்ட் நிமிர்ந்து பார்த்தார்.