மதில் இல்லாத சர்வர்

போன வியாழக்கிழமை காலை என் வெப்சைட் திறக்கவில்லை.

பத்திரிகையில் இந்தப் பத்தியில் நான் எழுதியதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற சைட். திரையில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றியது... டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

செல்வினுக்குப் போன் போட்டேன். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே ரூம் எடுத்து, எங்கோ இருக்கிற ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, அதை எங்கள் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிற தம்பி. ஒரே கம்ப்யூட்டர், பன்னிரண்டு சைட். வாழைத்தார் வியாபாரி, தேன் விற்கிறவர், தையல் கிளாஸ், மயிலாடியில் கற்சிலை செய்கிற தாணு ஆசாரி... அப்புறம் நான்.

"அக்கா, பன்னிரண்டு சைட்டும் படுத்துட்டு. ஏதோ ஒண்ணு மட்டும் மெமரி மொத்தத்தையும் திங்குது."

"எது?"

"அதுதான் தெரியேல்ல. எல்லாம் ஒரே பேர்லல்லா ஓடுது."

துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஆளுக்கொரு தனி அக்கவுண்ட் கொடுத்து, உனக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து, ஒருவர் புரோகிராம் அடுத்தவர் பக்கம் எட்டிப் பார்க்காதபடி தடுத்து வைப்பதுதான் முறையாம். செல்வின் அதைச் செய்யவில்லை. ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்டு. ஏன் தம்பி?

"எல்லாம் நம்ம ஆளுவதானேக்கா. தனித்தனியா பூட்டுப் போட்டா, எங்க மேல நம்பிக்கை இல்லியான்னு கேப்பாவ."

எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டுப் பலாமரம் மதிலைத் தாண்டி ஒரு கிளை நீட்டினால் வக்கீல் வீட்டுக்கு நடக்கிற ஊர் இது. எங்கள் வீட்டிலேயே இவர் – என் கணவர் – மதில் தகராறில் பக்கத்து வீட்டாரோடு பேசி ஆறு வருஷமாகிறது. அப்படிப்பட்ட நாங்கள், சர்வரில் மட்டும் பன்னிரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக் கிடந்திருக்கிறோம்!

பாஸ்வேர்டுதான் என்னிடமும் இருக்கிறதே... உள்ளே போய் ஒவ்வொருவர் ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். தப்புதான். ஆனால் திறந்து கிடக்கிற வீட்டை எட்டிப் பார்க்காமல் போகிறவர் யார்? தாணு ஆசாரியின் ஃபோல்டரில் கண் நின்றது. பிள்ளையார், துவாரபாலகர், யாளி... ஒவ்வொரு படமும் அந்தந்தச் சிலையின் கனத்தில் இருந்தது.

ஆள் அகப்பட்டுவிட்டார்!

செல்வினிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே ஆசாரிக்குப் போன். "உங்க படத்தாலதான் பன்னிரண்டு பேரும் அவதிப்படுகோம். மொத்தத்தையும் எடுத்திருங்க" என்று ஐந்து நிமிஷம் விளாசினேன்.

"செரிம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் வட்டம் சுற்றியது.

செல்வின் அன்று முழுக்க உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட் திறந்து, இவ்வளவு மெமரி, ஒரே நேரத்தில் இத்தனை வேலை என்று அளவு வைத்து, நடுவில் மதில் எழுப்பியிருக்கிறான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, பதினொண்ணும் எழும்பிட்டு. ஒண்ணு மட்டும் அதுக்க அறைக்குள்ள கெடந்து முட்டுது."

"ஆசாரிக்க சைட்தானே?"

"இல்லக்கா..." இழுத்தான். "உங்களுக்க சைட்டு. படம் சும்மா கெடந்தா மெமரியத் திங்காது. ஓடுற புரோகிராம்தான் திங்கும். உங்க ஃபோல்டர்ல அணைன்னு ஒண்ணு ஓடுது."

திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் பேப்பரை மெல்ல முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

வளைகுடா வேலையை விட்டு வந்தபின் இவர் ஆன்லைனில் புரோகிராமிங் படித்தார். படித்ததைச் சும்மா விடலாமா? பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை எடுத்து என் சைட்டின் மூலையில் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதி, எனக்கு சர்ப்ரைஸாக ஏற்றி வைத்திருக்கிறார். நீர்மட்டம் அறிவிப்பது ஒரு நாளைக்கு ஒருமுறை. இவர் புரோகிராம் கேட்பது நொடிக்கு ஒருமுறை! முதல் கேள்விக்குப் பதில் வருமுன் அடுத்தது, அதற்குள் இன்னொன்று... ஒன்றும் முடியாமல் ஆயிரக்கணக்கில் உள்ளே நெருக்கியடித்து நின்றிருக்கின்றன.

"நொடிக்கு ஒருக்க எதுக்கு?"

"ஏட்டி, அணையத் திடீர்னு தொறந்தா தெரியாண்டாமா?"

எங்களுக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது.

ஆசாரிக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான். படத்தையெல்லாம் திரும்பப் போட்டிருங்க."

"படம் இல்லியேம்மா. பழைய போன் தண்ணியில விழுந்து போச்சு. சைட்ல மட்டும்தான் இருந்துது. நீங்க சொன்னியளேன்னு அழிச்சிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மலேசியாவுல ஒரு கோயில் கமிட்டி. இன்னைக்குப் பத்து மணிக்கு சைட்டப் பாத்துட்டுப் பேசுகோம்னு சொல்லியிருக்காவ. எட்டு மாச வேலைம்மா. பட்டறையில ஆறு பேரு இத நம்பித்தான் இருக்கோம்."

செல்வினிடம் பேக்கப் இருக்கிறதா? "நம்ம ஆளுவதானே, யாரு அழிப்பாவன்னு..." என்றான். நான்தான் அழிக்க வைத்தேன்.

ஒன்பது மணிக்கு நானும் இவரும் மயிலாடியில், ஆசாரியின் பட்டறையில் நின்றோம். முடிந்த சிலைகளெல்லாம் லாரி ஏறிப் போயிருந்தன. மீதி இருந்தது பாதி செதுக்கிய நந்தி ஒன்று. முகம் வந்திருந்தது, முதுகு இன்னும் பாறையாகவே இருந்தது. இவர் கல்பொடியில் மண்டியிட்டுப் படம் எடுத்தார். உளி பிடித்த ஆசாரியின் கை, கல்லில் இழுத்த காவிக் கோடு, நந்தியின் அரை மூக்கு. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் செல்வின் அங்கிருந்தே அவற்றை சைட்டில் ஏற்றி முடித்தான்.

பத்து மணிக்கு வீடியோ கால். "முடிச்ச சிலை படம் ஒண்ணுகூட இல்லையே?" என்றார் கமிட்டித் தலைவர்.

ஆசாரி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நந்தியின் மேல் படிந்த கல்பொடியைத் தட்டிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. போனுக்கு முன்னால் போய், "அழிக்கச் சொன்ன ஆள் நான்தான்" என்றேன். அணைக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சிரித்து ஓய்ந்தபின் தலைவர் சொன்னார்: "உளித்தடம் நல்லாத் தெரியுது. மெஷின் வேலையோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்த நந்தியை இன்னும் கிட்டக் காட்டுங்க."

செவ்வாய்க்கிழமை வேலையை உறுதி செய்துவிட்டார்கள். ஆனால் அழிந்த படங்கள் அழிந்தவைதான். பதினைந்து வருஷச் சிலைகள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு குறுகுறுக்கிறது. ஆசாரி மட்டும் "போட்டும்மா" என்று சொல்லி, எங்களுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அணை புரோகிராம் இப்போது ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கேட்கிறது. மீறினால் சர்வரே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மற்ற பதினொரு சைட்டுக்கும் ஒன்றும் ஆகாது.

"தம்பி, மெமரிக்கு அளவு வச்சே, புரோகிராமுக்கு அளவு வச்சே... எனக்க வாய்க்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று செல்வினிடம் கேட்டேன்.

"அந்த உயரத்துக்கு மதில் கெட்ட எனக்குத் தெரியாதுக்கா!"