குழாய்க்காரர் டயர் மாற்றிய வெள்ளிக்கிழமை

குழாய்க்காரர் தொழிலுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் பூட்டிய இணைப்பு எதுவும் ஒழுகியதில்லை என்பது அவர் வாயாலேயே தெரு முழுக்கப் பரவிய செய்தி. திருகு மரை என்று ஒன்றைக் கண்டால், கடைசிச் சுற்று வரை முறுக்காமல் அவர் கை ஓயாது.

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு அவர் மனைவிக்கு இருசக்கர வண்டி ஓட்டுநர் தேர்வு. பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. காலை ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஆகவே முதல் தேதிக்குள் உரிமம் காட்டச் சொல்லியிருந்தார்கள். முதல் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முந்தைய தேர்வில், பின் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்று தேர்வாளர் வண்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். புது டயர் வாங்கிப் பத்தொன்பது நாளாயிற்று. பஞ்சர் கடைக்கு அனுப்பலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், “நானே மாட்டறேன்” என்றார்.

காலை ஒன்பது பத்துக்குப் பின்கட்டு சிமெண்டுத் தரையில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டார். டயரை நெம்பும் லீவர் இல்லை. இரண்டு திருப்புளிகளும் முக்கால் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றும் இருந்தன. பழைய டயரை நெம்பி எடுக்கவே ஐம்பது நிமிடம். புதியதை மாட்டிக் காற்றடித்தால், அடித்த வேகத்திலேயே உஸ்ஸென்று இறங்கியது. டியூபை வெளியே இழுத்துப் பார்த்தார். திருப்புளி கடித்த இடத்தில் பாம்பு பல் பதித்ததுபோல் இரண்டு ஓட்டைகள்.

“ஏங்க, எடுத்துட்டுப் போய் பஞ்சர் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாமே?” என்றாள் மனைவி.

“தண்ணியவே அடைச்சு வெக்கிறவன் நான். காத்தை அடைக்க மாட்டேனா?”

இரண்டாவது டியூபை அவரே வாங்கி வந்தார். வால்வு நட்டைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. முதல் வேலையாக அதை இறுக முறுக்கிவிட்டார். டியூப் அசைய வழியில்லாமல் போயிற்று. டயரின் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் ரிம்மில் இறங்க மறுத்தது. குழாயை வைத்து நெம்பினார். வால்வு அடியோடு கிழிந்து கையோடு வந்தது. திருப்புளியைச் சுவரில் வீசியடித்தார். அது திரும்பி வந்து அவர் முழங்காலைத்தான் பதம் பார்த்தது.

“அதுகூட உங்ககிட்டதான் வருது” என்று சொல்லிவிட்டு, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

பஞ்சர் கடைக்காரர் மூன்றாவது டியூபைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அக்கா, அண்ணன் இன்னைக்கு டியூப் கடை வெக்கிறாரா?”

“சிரிக்காதீங்க. எப்படி மாட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் சொன்னதை வரிசை மாறாமல் வந்து ஒப்பித்தாள். டியூபில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். நட்டைத் தொடவே கூடாது. எதிர்ப்பக்கத்து விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்க வேண்டும்.

“அவன் சொல்லி நான் கேக்கணுமா?”

“அவர் சொல்லல, நான் சொல்றேன். கேளுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். ஒரு மணிக்கு டயர் வெண்ணெயாக உட்கார்ந்தது. காற்றும் இறங்காமல் நின்றது.

டயரின் பக்கவாட்டில் இருந்த அம்புக்குறியை மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அம்புக்குறி அவருக்குப் பழகிய சங்கதி. தண்ணீரை ஒரே பக்கம் விடும் வால்வில் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். மழையில் டயர் தண்ணீரைப் பின்னால்தானே தள்ள வேண்டும்? ஆகவே சக்கரத்தின் மேல்பக்கம் வரும்போது அம்பு பின்னால் பார்க்கும்படி மாட்டியிருந்தார். அன்றைய நாளில் அவர் துளியும் சந்தேகப்படாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

மனைவி ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போனார்கள். முந்தின நாள் மழையில் தேர்வு மைதானம் நனைந்திருந்தது. அவள் முறை வந்தபோது மணி இரண்டு ஐம்பது. தேர்வாளர் பின்சக்கரத்தருகே குனிந்தார்.

“புது டயர். நல்லது. ஆனா அம்பு ஏன் பின்னாடி பாக்குது?”

“தண்ணி அந்தப் பக்கம்தானே சார் போகணும்?” என்றார் குழாய்க்காரர்.

“தண்ணி போற வழி இல்லைங்க, சக்கரம் சுத்துற வழி. ஈரத்துல இதை ஓட்ட விடமாட்டேன். மாத்திட்டு வாங்க, நாலு மணி வரைக்கும் இருப்பேன்.”

பக்கத்துப் பஞ்சர் கடை பூட்டியிருந்தது. அடுத்தது இரண்டு கிலோமீட்டரில். அங்கே இவர்களுக்கு முன்னால் லாரிச் சக்கரம் ஒன்று கிடந்தது. முறை வந்ததும் கடைக்காரர் பதினோரு நிமிடத்தில் டயரைத் திருப்பிப் போட்டார். குழாய்க்காரர் நட்டைத் திருகக் கை நீட்டினார்.

“கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க” என்றாள் மனைவி.

மைதானத்துக்குத் திரும்பியபோது நான்கு ஏழு. வாசல் பூட்டியிருந்தது. அடுத்த தேர்வு அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி என்று காவலாளி கம்பிக்கு உள்ளிருந்து சொன்னார்.

அவள் மதிலோரம் நின்று முதியோர் இல்ல மேலாளரை அழைத்தாள். “அம்மா, இன்னைக்கு டெஸ்ட் குடுக்க முடியலங்க... இல்லங்க, ஓட்டத் தெரியும்... வண்டி... வண்டியில ஒரு...”

குழாய்க்காரர் போனைக் கேட்டு வாங்கினார். “வணக்கம்மா. நான் அவ வீட்டுக்காரர். வண்டியில ஒண்ணுமில்ல. டயரைத் தப்பா மாட்டினது நான். கடையில குடுக்கலாம்னு எத்தனையோ தரம் சொன்னா, நான்தான் கேக்கல. பதிமூணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்குங்க.”

மறுமுனையில் நெடுநேரம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, “பதினஞ்சு வரைக்கும் வேற ஆளை வெச்சுச் சமாளிக்கிறேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட முடியாது” என்றார் மேலாளர்.

மனைவி போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். வண்டியை எடுத்தாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் இரண்டு இடங்களில் அவள் கியர் மாற்றியது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. சொல்லவில்லை.