ரஷ்யக் கடலுக்கு ஒரு சிவப்பு பல்பு

ரஷ்ய ஓவியர் ஒருத்தர் வரைஞ்ச புயல் கடல் படத்தைப் பெருசா பிரிண்ட் எடுத்து, போன வாரம் கள்ளக்குறிச்சியில ஃப்ரேம் போடக் குடுத்திருந்தேன். மலை மாதிரி அலை. அடியில, உடைஞ்ச பாய்மரத்தைப் பிடிச்சுக்கினு நாலஞ்சு பேரு.

இன்னைக்கு வாங்கப் போனா, கடைக்கார பாய் படத்துக்குக் கீழ சின்னதா ஒரு சிவப்பு பல்பு மாட்டி வெச்சிருக்காரு.

"இன்னா பாய், இது சாமி படமா?"

"கைப்பழக்கத்துல மாட்டிட்டேங்க. இங்க வர்றது பூரா சாமி படம், இல்லன்னா செத்தவங்க போட்டோ."

கழட்டறதுக்கு முன்னாடி ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தாரு. வெளிச்சம் நேரா அந்த ஆளுங்க மேல விழுந்துச்சு.

பாய் கழட்டாம கையை எடுத்துட்டாரு.

"இருக்கட்டுங்க. கரை எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியட்டும்"னாரு.

அப்படியே தூக்கிக்கினு வந்து ஹால்ல மாட்டினேன். சாயங்காலம் வந்த பக்கத்து வூட்டு அக்கா, படத்தைப் பார்த்ததும் கன்னத்துல போட்டுக்கினாங்க. அப்புறம்தான் கேட்டாங்க, "இது இன்னா சாமிங்க?"

அந்த அலையை ஒரு தடவ பார்த்தேன். சாமி இல்லைன்னு சொல்ல வாய் வரல.

நாளைக்குப் பூவோட வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எந்தக் கிழமை விசேஷம்னு கேட்டா இன்னா சொல்றது, யாராவது சொல்லுங்க.