பழைய ஆபீசுக்குத் திரும்பிய வண்டி

எங்கள் தெருவில் அவரை எல்லாரும் 'ஸ்டியரிங்' என்றுதான் கூப்பிடுவோம். எம்.எல்.ஏ.வின் டிரைவர். எம்.எல்.ஏ. ஜெயித்ததும் தோற்றதும் கட்சி மாறியதும் இவர் ஓட்டிய வண்டியில்தான். ஒரு கொடியைக் கழற்றி வேறு கொடி செருகுவதும் இவர் வேலை. கழற்றியதை வீணாக்காமல் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்வார். எந்தக் கட்சித் துணி நன்றாகத் துடைக்கும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அவருக்கு ஒரே ஆசை. அவர் 'அண்ணன்' என்று கூப்பிடும் எம்.எல்.ஏ. மந்திரியாக வேண்டும், அந்த அரசாங்கக் காரைத் தான் ஓட்ட வேண்டும். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது. "மொதல்ல அவரு ஒரு கட்சில ஒழுங்கா உக்காரட்டும்" என்பார்.

இந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சுயேச்சையாக நின்று மயிரிழையில் ஜெயித்திருந்த அண்ணனுக்குத் திடீர்க் கிராக்கி. பெரிய கட்சி முந்திக்கொண்டது: ஆதரவு கொடுத்தால் ஏதோ ஒரு வாரியத்தின் தலைவர் பதவி. அண்ணனும் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை அவர்கள் அலுவலகத்தில் ஆதரவை அறிவிக்க வேண்டும், சீக்கிரம் வந்துவிடு என்று ஸ்டியரிங்கிடமும் சொல்லியிருந்தார்.

காலையில் அண்ணன் பின் சீட்டில் ஏறியதும் போனில் மூழ்கிவிட்டார். ஓட்டு எண்ணிக்கை அலைச்சலில் ஸ்டியரிங்குக்குச் சரியான தூக்கமில்லை. மணிக்கூண்டு முனையில் நேரே போக வேண்டிய வண்டி, வருஷக்கணக்கான பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பியது. போய் நின்ற இடம் எதிரணியின் அலுவலகம், அண்ணன் முன்பு இருந்த கட்சி.

வாசலில் மைக்கும் கேமராவுமாகக் காத்திருந்தவர்கள் வண்டியை மொய்த்துக்கொண்டார்கள். ரிவர்ஸ் எடுத்துத் திரும்புவதற்குள் அண்ணன் எதிரணிக்குத் தாவிவிட்டதாக எல்லா டிவியிலும் வந்துவிட்டது. இன்றோடு வேலை போயிற்று என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

அப்போது போன் அடித்தது. பெரிய கட்சியின் தலைவரே பதறிப்போய்ப் பேசினார். மணிக்கூண்டுக்குத் திரும்பி வருவதற்குள் வாரியம் போய் மந்திரி பதவி வந்திருந்தது. அண்ணன் எட்டி இவர் தோளைத் தட்டினார்.

"என்னை மந்திரி ஆக்கினது நீதாம்ப்பா."

ஸ்டியரிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே போய் வெள்ளைச் சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். மனைவி முதல்முறையாக அவரைக் கிண்டல் செய்யவில்லை.

பதவியேற்புக்கு மறுநாள் அரசாங்கக் கார் வந்தது. அதை ஓட்டிக்கொண்டு அரசாங்க டிரைவரும் வந்தார். மந்திரி வண்டியை அரசு ஊழியர்தான் ஓட்ட வேண்டுமாம். அண்ணன் இவர் முகத்தைப் பார்க்காமல், வீட்டு வண்டியைப் பார்த்துக்கொள், அண்ணிக்குக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக ஆள் வேண்டும் என்றார். ஸ்டியரிங்குக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்று நேரே போயிருந்தால் அண்ணன் வாரியத் தலைவராகி இன்னும் இவர் வண்டியில்தான் ஏறியிருப்பார்.

ஆனாலும் புது டிரைவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஏ.சி. காற்று அண்ணன் முகத்தில் அடிக்கக் கூடாது. பள்ளத்தில் மெதுவாக இறக்க வேண்டும். அவர் கண்ணசந்துவிட்டால் ஹாரனைத் தொடக்கூடாது.

"கட்சி ஆபீசு எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார் புது டிரைவர்.

"அத மட்டும் தினமும் அவரையே கேட்டுட்டு வண்டிய எடுங்க" என்றார் ஸ்டியரிங். அவர் சிரிக்கவில்லை. அண்ணி காய்கறிப் பையோடு வந்து நின்றார். ஸ்டியரிங் பழைய வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.