திரையில் முந்திய வரி

பாரிசில் அகதியாக இருந்தபோது கற்ற பிரெஞ்சு, சிட்னியில் எனக்கு ஒரு வேலை தந்தது. பிரெஞ்சு நாடகம் வந்தால், நடிகர் பேசப் பேச மேடைக்கு மேலுள்ள திரையில் ஆங்கில வரிகளைப் போடுவேன்.

அன்று நடித்தவர் மேடையிலும் சினிமாவிலும் நடித்தே நரைத்தவர். அதுதான் அவருடைய கடைசி நாடகம். தன் மரணச்சடங்குக்குத் தானே வந்து நிற்கும் கிழவர் வேடம். "எனக்கு முன்வரிசையில் இடமில்லையா?" என்று அவர் கேட்பதற்கு முன் ஒரு சின்ன மௌனம் உண்டு. அன்று அது நீண்டுகொண்டே போனது. நான் பதறி, அந்த வரியைத் திரையில் போடும் பட்டனை அழுத்திவிட்டேன். அவர் வாய் திறக்குமுன்பே அரங்கம் சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் மெல்லத் திரும்பி, திரையை அண்ணாந்து பார்த்து, எழுத்துக்கூட்டுவது போல் வாசித்தார். பிறகு அதையே பிரெஞ்சில் கேட்டார். இரண்டாவது சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

நாடகம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: "எனக்கு அந்த வரி மறந்தே போய்விட்டது. நீங்கள்தான் எடுத்துக்கொடுத்தீர்கள்."

வெளியே கணவர் காருடன் காத்திருந்தார்.

"எப்படிப் போச்சு?"

"பெரிய பிழை விட்டிட்டன்."

"பிறகேன் சிரிக்கிறீர்?"

கிரவீனில் எங்கள் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.