மாமா கை எடுக்காத பெருநாள்

என் மாமனார் சாப்பிட உட்கார்ந்தால் லேசில் எழும்ப மாட்டார். சாப்பாடு கொஞ்சம்தான். கதைதான் கூட.

நான் பேசாதவன். மாப்பிள்ளை கேட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் பேசவில்லை. சண்டையில் எல்லோரும் ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்த காலம் அது. மாமா தேநீர் குடித்துக்கொண்டே என்னவெல்லாமோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். என் உம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புள்ளைக்குக் கதை கொஞ்சம் குறைவு," என்றார் உம்மா.

"அதுதான் வேணும் தங்கச்சி. என்ட வீட்டுல எல்லாருக்கும் வாய்தான் இருக்கு. காது ஒண்டும் இல்ல."

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அப்படி அந்த வீட்டுக்கு நான் காதாகப் போனேன்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் ஊரான மறிச்சுக்கட்டிக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. நானும் மாமாவும் கத்தியால் வெட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் கண்டுபிடித்தோம். பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். புதுத் தண்ணீர் ஊறியதும் மாமா ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"எப்படி மாமா?"

"உப்பு." இன்னொரு வாய் குடித்தார். "நம்மட உப்புத்தானே."

மூத்த மகள் குடும்பம் மட்டும் புத்தளத்திலேயே நின்றுவிட்டது. அங்கே வீடு கட்டிக் கடையும் போட்டிருந்தார்கள். இளைய மகளைக் கட்டிய நானும் மனைவியும் மாமாவோடு வந்தோம். மாமி ஊரை விட்டுப் போவதற்கு முன்பே மௌத்தாகி, மறிச்சுக்கட்டியில் அடக்கமாகியிருந்தார்.

மாமா சைக்கிளில் கொண்டச்சிப் பக்கம் மீன் வாங்கப் போவார். விடிய மீன் வாங்கினால் பகலாகும் வீடு வர. வழியில் யாரைக் கண்டாலும் இறங்கிவிடுவார். ஒரு நாள் பையைத் திறந்த என் மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"வாப்பா, ஒங்கட கதையைக் கேட்டுக் கேட்டு மீன் நாறிப்போச்சு."

"பூனைக்குப் போடு மகள்."

"பூனை மோந்து பாத்திட்டுப் போயிட்டுது."

"அதுக்கும் வாய் கூடிப்போச்சு," என்றார் மாமா. அன்றைக்குப் பருப்புக் கறிதான். சோற்றைப் பிசைந்துகொண்டு, அந்த மீன் எப்படிப் பிடிபட்டது என்ற கதையை முழுவதும் எனக்குச் சொன்னார்.

ஒரு மாரியில் மாமா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்தது. மூத்த மகளுக்கு, என் மச்சிக்கு, விசயம் எட்டியது. போனில் அழுதார். இங்கே ஆஸ்பத்திரி தூரம். அங்கே கூப்பிடு தூரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வான் பிடித்து வருவதாகவும் கையோடு கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

"ஓம் மகள்," என்றார் மாமா.

போனை வைத்துவிட்டு மாட்டுப் பட்டியடியில் போய் இருந்தார். அன்று சாப்பாட்டில் கதை இல்லை. அந்த வீட்டில் நான் கோப்பைச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

"வரேல்லையெண்டு சொல்லுங்கோவன் வாப்பா," என்றாள் என் மனைவி.

"புள்ள அழுகுதே."

"நானும் அழுவன்."

"நீ பக்கத்துல இருந்து அழுவாய். ஒரு அதட்டுப் போடலாம். அவ தூரத்துல இருந்தெல்லோ அழுறா."

பெண்பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கோ," என்றாள். எனக்கும் அவர் போவது பிடிக்கவில்லை. ஆனால் அதை எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து வர வானும் வந்தது. மச்சி, அவரைக் கட்டிய சகலன், அவர்களுடைய வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருவர். மாமாவின் சாரங்களும் தொப்பியும் மருந்தும் அடுக்கிய பை கதவடியில் இருந்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் புறப்பாடு. காட்டுப் பாதை. பொழுது பட்டால் யானை இறங்கும்.

பெருநாள் சோறு எங்களுக்குச் சஹனில்தான். சஹன் என்றால் பெரிய தட்டம். பாயில் வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து, அவரவர் பக்கத்தைச் சாப்பிடுவது. நடுவில் இருக்கும் இறைச்சியை மூத்தவர் பிய்த்து எல்லார் பக்கமும் வைப்பார். அவர் கை எடுக்கும்வரை மற்றவர்கள் எழும்புவதில்லை. அது எங்கள் வீட்டு ஒழுங்கு.

அன்று ஆண்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். மாமா நொண்டிக்கொண்டு வெளியே போய் வான் டிரைவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார்.

"நான் வானுக்குள்ள இருந்தே சாப்பிடுவன் ஹாஜியார்."

"நான் ஹஜ்ஜுக்குப் போகல்ல தம்பி. மறிச்சுக்கட்டிக்குத்தான் வந்தனான். இரிங்கோ. சஹன்ல ஒரு பக்கம் சும்மா கிடக்கலாமா?"

டிரைவர் இருந்தார். இனி அவசரப்படுத்திக் கோர்ன் அடிக்க வானில் ஆள் இல்லை.

பெண்களின் சஹன் உள் அறையில். இடையில் ஒரு திரைச்சீலை. மாமா பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். இறைச்சியைப் பிய்த்தார், வைத்தார். கதை சொன்னார். மறுபடி பிய்த்தார், வைத்தார்.

"மூத்தவாப்பா, வயித்துல இடமில்ல," என்றான் பெரிய பேரன்.

"இந்த வயசுல நான் ஒரு கண்டு மாட்டையே சாப்பிட்டனான்."

"பொய்!" திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி. "அந்த வயசுல வாப்பாட்ட மாடே இல்ல."

"அதான் சாப்பிட்டு முடிச்சிட்டனே."

டிரைவருக்குப் புரைக்கேறியது.

"மாமா, நேரம் போகுது," என்றார் சகலன்.

"ஓம் மகன், சாப்பிடுங்கோ." அவர் பக்கம் ஒரு நெஞ்செலும்பு போய் விழுந்தது.

"வாப்பா, நாங்க கையும் கழுவி இனிப்புக்கு வட்டிலப்பமும் சாப்பிட்டாச்சு!" உள்ளேயிருந்து மச்சி.

"எனக்கு எடுத்து வை மகள்."

"ஒங்கட பங்கை வானுக்குள்ள வச்சிட்டன்!"

நான் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் பக்கத்துச் சோறு குறையவே இல்லை. இங்கிருந்து அங்கே தள்ளுவார். அங்கிருந்து இங்கே தள்ளுவார். ஒரு பருக்கையை வாயில் போட்டு நெடுநேரம் மெல்லுவார். முகம் சிரித்தபடி. இடது கை மட்டும் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அஸருக்குப் பாங்கு சொல்லப் போகுது மாமா. யானை..." என்றார் சகலன் மறுபடியும்.

"யானைக்கும் பெருநாள்தானே. கண்டா ஸலாம் சொல்லுங்கோ, விட்டிரும்."

கடைசித் துண்டு இறைச்சியும் போய்விட்டது. கொடுக்க ஒன்றும் இல்லை. மாமா தட்டத்தைப் பார்த்தார். விரல்களைக் கூட்டினார். கை எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா போனா நான் ஆரோட சாப்பிடுற?"

என் சத்தம் எனக்கே கூடுதலாகக் கேட்டது. மாமாவின் கை அப்படியே நின்றது.

"அல்லாஹ்! இவர் கதைச்சிட்டார்!" என்றாள் என் மனைவி.

சகலன் சிரித்தார். பேரன்கள் சிரித்தார்கள். டிரைவரும் ஏன் என்று தெரியாமல் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார்:

"மகள், கேட்டியா? கலியாணம் முடிச்ச நாளையில இருந்து இந்த மனுசன் என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல. இண்டைக்குத்தான் வாய் திறந்து கேக்கிறார். நான் என்ன சொல்ல?"

திரை அசையவில்லை. மச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாப்பா என்ன சொல்றீங்க?"

"நான் இஞ்ச இருக்கப்போறன் மகள்."

அவர் ஒரு மகளுக்கு இல்லை என்று சொன்னதை அப்போதுதான் கேட்டேன். இல்லை என்ற சொல் அதிலும் இல்லை.

மச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப வட்டிலப்பத்தை வானுக்குள்ள இருந்து எடுக்கவா?"

"எடு மகள்."

பிறகு மாமா சாப்பிட்டார். தன் பக்கத்துச் சோறு முழுவதையும் சாப்பிட்டார். கதையே இல்லை. நாங்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். முடித்து விரலைச் சூப்பிக் கை எடுத்தபோது பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. வான் அன்று போகவில்லை. டிரைவர் எங்கள் விறாந்தையில் படுத்தார். யானைக்கு ஸலாம் சொன்னால் அது பதில் சொல்லுமா என்று அவரை மாமா விடிய எழுப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு மாமா எங்களோடு சில வருசம் இருந்தார். தினமும் என் பக்கத்தில்தான் சாப்பாடு. ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. லேசான மௌத். மாமிக்குக் கிட்டத்தான் அடக்கினோம்.

காட்டுப் பாதை இப்போது மூடிக் கிடக்கிறது. மச்சி குடும்பம் அநுராதபுரத்தால் சுற்றி வருகிறது. ஆனாலும் ஒரு பெருநாளும் தவறவில்லை. சஹனில் இப்போது சகலன்தான் மூத்தவர். அவர் கடைக்காரர். இறைச்சியைச் சுறுக்காகப் பிரித்து, சுறுக்காகக் கை எடுத்துவிடுவார். எனக்குப் பாதி வயிறுதான் நிறையும்.

ஒவ்வொரு பெருநாளும் திரைக்குப் பின்னாலிருந்து மச்சி சொல்வார்:

"அண்டைக்கு நீங்க வாய் திறக்காம இருந்திருந்தா வாப்பா கடைசியில என்னோட இருந்திருப்பார்."

"ஓம்," என்பேன்.

"நான் அதை மறந்திட்டனெண்டு நினைக்க வேணாம்."

"ஓம்."

பிறகு திரை விலகும். முதல் வட்டிலப்பக் கிண்ணம் எனக்குத்தான் வரும்.