யாருக்குப் புரியும் என்று கத்திச் சொன்ன பாஸ்வேர்டு

2006 மழைக்காலம். புனேயில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவருக்கு அப்போது வேலை இல்லாததால் என் சம்பளத்தில்தான் குடித்தனம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேனேஜரிடமிருந்து போன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டதாம். உடனே உள்ளே போய் சரிசெய்யாவிட்டால் திங்கட்கிழமை எனக்கு சீட்டு இருக்காது என்கிற தொனியில் பேசினார். வானவடி வீட்டிலிருந்து விமான் நகர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். ஏரவாடாவில் ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர். வண்டி அங்கேயே நின்றுவிட்டது.

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. கண்ணில் பட்ட சைபர் கஃபேக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தேன்.

அந்த சர்வருக்குள் நுழைய ‘கீ’ என்று ஒரு சின்ன ஃபைல் வேண்டும். பென் டிரைவில் இருந்தது. ஆனால் அது ஆபீஸின் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கான வடிவத்தில் இருந்தது. கஃபேயில் இருந்ததோ விண்டோஸ். அதில் நான் இறக்கிய மென்பொருள் இந்தக் கீயை ஏற்கவே மாட்டேன் என்றது. வடிவத்தை மாற்றித் தரும் இன்னொரு மென்பொருளை இறக்கினேன். அது பாஸ்வேர்டு கேட்டது. போச்சுடா! அது என் டீமிலிருந்த கோயம்புத்தூர்க்காரருக்குத்தான் தெரியும். அவரோ கல்யாண வேலையாக ஊருக்குப் போகும் அவசரத்தில் கீயை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டேன்.

லைன் விட்டு விட்டுக் கேட்டது. “நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க, சத்தமாவே சொல்லுங்க. அங்க யாருக்குங்க புரியப் போவுது?” என்றார். புனேயில் தமிழர்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஆட்டோக்காரரைத் திட்டுவது, பக்கத்து வீட்டு வம்பு, எல்லாம் நடுரோட்டில் தமிழில்தான். நானும் மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்: “எங்க வீட்டுப் பூனைக்கு ரசம்தான் பிடிக்கும்! நடுவுல இடம் விடாம இங்கிலீஷ் எழுத்துல, சரிதானே?”

கீயின் வடிவம் மாறியது. சர்வரும் பிழைத்தது. மேனேஜர் ‘வெல்டன்’ என்றார். அப்பாடா என்று எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“ஏம்மா, ஒரு நிமிஷம்” என்று பின்னால் தமிழில் ஒரு குரல். பக்கத்து சீட்டில் இருந்த தாடிக்காரர். அதுவரை கடைக்காரரிடம் மராத்தியில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னது எனக்குப் புரிஞ்சிருச்சும்மா. என்னமோ ரகசியம் போல இருந்துச்சு. மாத்திக்கோ. எங்க அப்பா சேலத்துலேருந்து வந்தவரு. இந்த பஸ்தியில, இந்தக் குடிசைப் பக்கமெல்லாம், தமிழ் ஆளுங்க பஹுத் பேரு இருக்காங்க.”

ஐயோ, மாற்றிய கீயை அந்தக் கம்ப்யூட்டரிலேயே விட்டிருந்தேன்! பாஸ்வேர்டையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியாயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால், அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தாடிக்காரரே மராத்தியில் அவரிடம் கெஞ்சி எழுப்பிவிட்டார். ஃபைலை அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. போனில் நான் பாஸ்வேர்டு மட்டுமா சொன்னேன்? எங்கே இருக்கீங்க என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டதற்கு, “ஏதோ கேவலமான ஏரியாவுல மாட்டிக்கிட்டேன், பக்கத்துல ஒருத்தன் திருட்டு முழியோட உக்காந்திருக்கான்” என்றும் சொல்லியிருந்தேன்.

“அண்ணே, நான் முதல்ல பேசினது...” என்று இழுத்தேன்.

“அத வுடும்மா. ஒன் வேலையப் பாரு” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

இதை மேனேஜரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று ஒரு பக்கம் பயம். ஆனால் முன்பின் தெரியாத அவரே வலிய வந்து சொன்ன பிறகு நான் மூடி மறைப்பதா? அங்கேயே நின்று போன் போட்டேன். மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கினார், ஆனால் வேலையில் கை வைக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தாடிக்காரர் போய்விட்டிருந்தார்.

அந்தக் கீயைச் செல்லாததாக்கிப் புதிதாக ஒன்று போட்டுவிட்டோம், அன்று மாலைக்குள் அது முடிந்தது. அவர் காதில் விழுந்த என் வார்த்தையைத்தான் இன்றுவரை செல்லாததாக்க முடியவில்லை.